விடுபட்ட அளவீடுகள்: எதை நிரப்பலாம், எதை வெறுமையாக விடலாம்

ஓர் ஆண்டு முழுவதும் ஒரு பதிவைக்கூடத் தவறவிடாத சென்சார் அரிது. மின்சாரம் நிற்கும், பேட்டரி தீரும், கம்பியில் துரு ஏறும், நினைவக அட்டை நிரம்பும், அளவுதிருத்தத்துக்காக யாராவது கருவியைக் கழற்றிக்கொண்டு போவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு மதிப்பு என்று வரிசையாக வர வேண்டிய அட்டவணையில் ஆங்காங்கே ஓட்டை விழும். அந்த ஓட்டையின் இரு கரையிலும் இருக்கும் அளவீடுகளைக் கொண்டு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று கணக்கிட்டு நிரப்புவதே இடைச்செருகல். கணக்கைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். எந்த ஓட்டையில் அந்தக் கணக்கைப் போடலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் நேரம் பிடிக்கும்.

ஓட்டை எப்போதும் வெற்றிடமாகத் தெரிவதில்லை

விடுபட்ட மதிப்பு பல வேடங்களில் வரும். டிஎஸ்18பி20 என்ற மலிவான வெப்பநிலைச் சென்சார் பலருக்கும் பழக்கமானது. மின்சாரம் கிடைத்ததும், முதல் அளவீட்டை எடுத்து முடிப்பதற்குள் அதைப் படித்தால், 85 டிகிரி என்று சொல்லும். அது வெப்பநிலை அல்ல, அந்தச் சில்லின் தொடக்க மதிப்பு. அதே சென்சாரின் கம்பி கழன்றுவிட்டால், ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் பரவலாகப் பயன்படும் மென்பொருள் நூலகம் −127 என்று எழுதும். வேறு பல கருவிகள் −999 அல்லது −9999 என்று எழுதிவைக்கும். இவற்றைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? ஒரு நாளில் 144 பதிவுகள், 143 இல் 30 டிகிரி, ஒன்றில் மட்டும் −999 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 22.9 டிகிரி என்று வரும். ஒரே ஒரு பொய் எண் ஏழு டிகிரியை விழுங்கிவிட்டது. இதில் மோசமான செய்தி, 22.9 பார்ப்பதற்கு முற்றிலும் நியாயமான வெப்பநிலையாகத் தெரிகிறது என்பதுதான்.

இன்னொரு வகையில் அட்டவணையில் அந்த வரியே இருக்காது. 10:10 பதிவுக்கு அடுத்த வரியிலேயே 10:50 பதிவு வந்து நிற்கும்; நடுவில் மூன்று வரிகள் காணாமல் போனதை அட்டவணை காட்டிக்கொடுக்காது. ஆகவே முதல் வேலை, தொடக்க நேரம் முதல் இறுதி நேரம் வரை வர வேண்டிய எல்லா நேரங்களையும் வரிசையாக எழுதி, அதன்மேல் தரவைப் பொருத்துவது. அப்போதுதான் எத்தனை ஓட்டை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று தெரியும். ஆறு மணி நேரமாக 27.4, 27.4, 27.4 என்று அசையாமல் நிற்கும் மதிப்பையும் சந்தேகியுங்கள். உறைந்துபோன சென்சாரும் காணாமல் போன சென்சார்தான்.

சந்தேகிக்கச் சொன்னேனே தவிர, அழிக்கச் சொல்லவில்லை. 1978 இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் ஓசோன் தரவைச் சலித்த மென்பொருள், 180 டாப்சன் அலகுக்கு (ஓசோன் அளவைக் குறிக்கும் அலகு) கீழே போன மதிப்புகளை ஐயத்துக்குரியவை என்று குறியிட்டு ஒதுக்கியது. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் உண்மையாகவே அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. அந்தச் செய்தியை 1985 இல் முதலில் வெளியிட்டது தரையிலிருந்து அளந்துகொண்டிருந்த ஜோ ஃபார்மனின் குழு. செயற்கைக்கோளின் மதிப்புகள் அழிக்கப்படாமல் குறியோடு கிடந்ததால், பிறகு எடுத்துப் பார்த்து உறுதிசெய்ய முடிந்தது. அவற்றை அழித்துவிட்டு அக்கம்பக்கத்து மதிப்புகளால் நிரப்பியிருந்தால், ஓசோன் ஓட்டையின் மேல் அழகாக ஒட்டுப்போட்டது போல ஆகியிருக்கும்.

நேர்கோட்டுக் கணக்கு

10:10 மணிக்கு 28.4 டிகிரி, 10:50 மணிக்கு 30.0 டிகிரி. நடுவில் 10:20, 10:30, 10:40 ஆகிய மூன்றும் இல்லை. 40 நிமிடத்தில் 1.6 டிகிரி ஏறியிருக்கிறது. ஆகவே பத்து நிமிடத்துக்கு 0.4. விடுபட்ட மூன்றும் முறையே 28.8, 29.2, 29.6. அவ்வளவுதான். சூத்திரமாகச் சொன்னால், ஓட்டை தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் கடந்திருக்கிறது என்பதை ஓட்டையின் மொத்த நேரத்தால் வகுத்து, அந்தப் பின்னத்தை இரு கரை மதிப்புகளின் வித்தியாசத்தோடு பெருக்கி, இடது கரை மதிப்போடு கூட்ட வேண்டும்.

இது பழைய கணக்கு. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே பாபிலோனிய வானியலாளர்கள் கோள்களின் இருப்பிட அட்டவணைகளில் இதைக் கையாண்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் ஒரு படி மேலே போய், சைன் அட்டவணையின் இரு பதிவுகளுக்கு நடுவிலான மதிப்பைக் காண வித்தியாசங்களின் வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளும் முறையைத் தந்தார். ஆனால் அவர்கள் கையில் இருந்தவை சீராக மாறும் அளவுகள். சென்சார் அளக்கும் உலகம் அவ்வளவு சொல்பேச்சு கேட்பதில்லை.

எவ்வளவு நீளம் வரை நம்பலாம்?

இந்தக் கேள்விக்குப் பலரும் "குறுகிய இடைவெளி என்றால் பரவாயில்லை" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவான விடையே கிடைக்கிறது.

பகலில் ஏறி இரவில் இறங்கும் காற்றின் வெப்பநிலையை 24 மணி நேரச் சைன் அலையாக எடுத்துக்கொள்வோம். நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே 10 டிகிரி வித்தியாசம். ஓட்டை சரியாக உச்ச நேரத்தின் மேலேயே விழுகிறது என்று மிக மோசமான நிலையை வைத்துக்கொள்வோம். நேர்கோட்டால் நிரப்பினால் ஓட்டையின் நடுவில் வரும் பிழை: ஒரு மணி நேர ஓட்டைக்கு 0.04 டிகிரி, இரண்டு மணி நேரத்துக்கு 0.17, நான்கு மணி நேரத்துக்கு 0.67, ஆறு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.5. பன்னிரண்டு மணி நேரம் என்றால் முழுதாக 5 டிகிரி. அதாவது பகல் என்ற ஒன்றே நடக்காதது போலத் தட்டையான கோடு.

ஓட்டை இருமடங்கானால் பிழை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். நேர்கோட்டு முறையின் இயல்பு அது: பிழை, இடைவெளியின் வர்க்கத்தைப் பின்தொடர்ந்து வளரும். மேலே சொன்ன டிஎஸ்18பி20 சென்சாரின் துல்லியமே சாதாரண வெப்பநிலைகளில் கூட்டியோ குறைத்தோ 0.5 டிகிரிதான். ஆகவே இரண்டு மணி நேர ஓட்டையை நிரப்புவதால் வரும் பிழை, சென்சாரின் சொந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஓட்டையின் நீளம் மூன்று மணி நேரத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கும்போது அது எல்லையைத் தாண்டுகிறது. மேகமில்லாத நாளில் காற்றின் வெப்பநிலைக்கு இந்தக் கணக்கு நம்பத் தகுந்த வழிகாட்டி. இடியோடு மழை வந்து இருபது நிமிடத்தில் ஏழெட்டு டிகிரி இறங்கும் நாளுக்கு இது செல்லாது.

நீங்கள் அளக்கும் பொருளுக்கும் இதையே செய்து பார்க்கலாம். அது எவ்வளவு வேகமாக வளைகிறது என்று முழுமையான நாட்களின் தரவைப் பார்த்து மதிப்பிடுங்கள். ஆழ்நிலத்தடி நீர்மட்டம் நாள்கணக்கில் மெல்ல நகரும். ஒரு நாள் ஓட்டை பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. மறுபக்கம், காற்றின் திடீர் வீச்சை வானிலையாளர்கள் 3 விநாடிச் சராசரியாக அளக்கிறார்கள். அதில் ஒரு நிமிடம் போனாலே போனதுதான்.

இன்னொன்று. நேர்கோட்டு முறை தரும் எந்த மதிப்பும் இரு கரை மதிப்புகளைத் தாண்டாது. ஆகவே அது புதிய உச்சத்தையோ புதிய தாழ்வையோ ஒருபோதும் உண்டாக்காது. நாளின் அதிகபட்ச வெப்பநிலை, வெள்ளத்தின் உச்ச நீர்மட்டம் போன்றவற்றைத் தேடுகிறவருக்கு, உச்சத்தின் மேல் விழுந்த ஓட்டையை இந்த முறையில் நிரப்பிப் பயனில்லை.

நேர்கோடு அறவே உதவாத இடங்கள்

காற்றின் திசை 350 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு மாறுகிறது. இரண்டும் வடக்கை ஒட்டியவை. நடுவில் விடுபட்டதை எண்ணாக மட்டும் பார்த்து நிரப்பினால் 180 வரும், அதாவது தெற்கு. திசைகளுக்கு முதலில் சைன், கொசைன் இரண்டாகப் பிரித்து, தனித்தனியே நிரப்பி, மீண்டும் கோணமாக மாற்ற வேண்டும்.

மழை இதைவிடச் சிக்கல். பத்து நிமிட மழையளவில் ஓட்டையின் இரு கரையிலும் 0 இருந்தால், நடுவிலும் 0 என்றுதான் நேர்கோடு சொல்லும். அந்த இடைவேளையில் கொட்டித் தீர்த்த மழைக்கு அங்கே இடமில்லை. ஆனால் கருவி தொடக்கத்திலிருந்து பெய்த மொத்தத்தைக் கூட்டிக்கொண்டே வரும் வகையாக இருந்து, பதிவு மட்டும் நின்று அளவீடு நிற்காமல் இருந்தால் நிலைமை வேறு. ஓட்டைக்கு முன் 41.2 மில்லிமீட்டர், பின் 63.8 என்றால், நடுவில் 22.6 மில்லிமீட்டர் பெய்தது ஊகமல்ல, அளவீடு. எந்த நிமிடத்தில் எவ்வளவு என்பதுதான் தெரியாது. மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் எல்லாமே இந்த வகை. அவற்றில் நாள் மொத்தத்தைத் தயங்காமல் சொல்லலாம். மணிவாரியாகப் பிரிப்பது மட்டுமே ஊகம்.

கதவு திறந்ததா மூடியதா, பம்ப் ஓடுகிறதா இல்லையா என்ற வகைப் பதிவுகளில் 0.5 என்று நிரப்புவதற்குப் பொருளே இல்லை. அங்கே கடைசியாகத் தெரிந்த நிலையை நீட்டிப்பார்கள், அல்லது அப்படியே விட்டுவிடுவார்கள்.

வளைகோடுகள் தரும் மயக்கம்

நேர்கோடு முனைகளில் மடங்கி நிற்பது கண்ணுக்கு உறுத்தும். அதனால் புதிதாக வருபவர்கள் சீக்கிரமே வளைகோடுகளை நாடுகிறார்கள். இருக்கும் எல்லாப் புள்ளிகள் வழியாகவும் ஒரே பல்லுறுப்புக்கோவையை இழுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். 1901 இல் கார்ல் ருங்கே இதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் உடைத்துக் காட்டினார். 1 ஐத் தாண்டாத, மணி வடிவ வளைகோட்டில் சம இடைவெளியில் 11 புள்ளிகள் எடுத்து, அவற்றின் வழியாகப் பத்தாம் படிக் கோவையை இழுத்தால், ஓரங்களில் பிழை கிட்டத்தட்ட 2 வரை போகிறது. புள்ளிகளைக் கூட்டினால் சரியாகும் என்று நினைத்தால், இன்னும் மோசமாகிறது.

முப்படி ஸ்ப்ளைன் இதற்கு மாற்று. ஒவ்வொரு இடைவெளிக்கும் தனித்தனி முப்படிக் கோவை, சேரும் இடங்களில் சாய்வும் வளைவும் ஒட்டுமாறு அமைக்கப்படும். சிறிய ஓட்டைகளில் நன்றாக வேலை செய்கிறது. பெரிய ஓட்டையில், கரையை நெருங்கும்போது இருந்த சாய்வை அது விடாமல் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்துவிடும். ஈரப்பதம் 92, 96, 99 என்று ஏறி ஓட்டை விழுந்து, மறுகரையில் 99, 95 என்று இறங்கினால், ஸ்ப்ளைன் நடுவில் 100 ஐத் தாண்டிப் போய் நிற்கும். மண்ணின் ஈரம் சுழிக்குக் கீழே போவதும் இப்படித்தான். 1980 இல் ஃப்ரிட்ச், கார்ல்சன் இருவரும் தந்த முப்படி முறை ஏறும் தரவை ஏறுமுகமாகவும் இறங்கும் தரவை இறங்குமுகமாகவும் வைத்துக்கொள்ளும், கரைகளைத் தாண்டிப் பாயாது. வளைகோடு வேண்டும் என்றே தோன்றினால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சிறிய ஓட்டைக்கு நேர்கோடே போதும். பெரிய ஓட்டையை எந்த வளைகோடும் காப்பாற்றாது.

பெரிய ஓட்டைக்கு வேறு அறிவு வேண்டும்

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றிலுள்ள கரியமில வாயு அளக்கப்படுகிறது. சார்ல்ஸ் டேவிட் கீலிங் தொடங்கிய பதிவு அது. 1964 இல் பண நெருக்கடியால் அளவீடு நின்று, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் ஆகிய மூன்று மாதங்களின் சராசரி இல்லாமல் போனது. அமெரிக்கக் கடல்சார் வளிமண்டல நிர்வாகம் வெளியிடும் மாதச் சராசரி வரிசையில் இத்தகைய மாதங்களை நிரப்பும் விதம் பாடமாக வைக்கத் தக்கது.

இந்தத் தரவில் இரண்டு இயக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று, ஆண்டுக்கு ஆண்டு ஏறும் போக்கு. மற்றொன்று, வட அரைக்கோளத் தாவரங்கள் தளிர்த்து உதிர்வதால் மே மாதத்தில் உச்சம் தொட்டு, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தாழும் பருவச் சுழற்சி. முதலில் அந்தந்த மாதத்தைச் சுற்றிய 7 ஆண்டுகளைக் கொண்டு சராசரிப் பருவச் சுழற்சியைக் கணக்கிடுகிறார்கள். அதைத் தரவிலிருந்து கழித்தால் மெல்ல ஏறும் போக்கு மட்டும் மிஞ்சும். விடுபட்ட மாதங்களுக்கு அந்தப் போக்கை மட்டும் நேர்கோட்டால் நிரப்புகிறார்கள். பிறகு பருவச் சுழற்சியை மீண்டும் கூட்டிவிடுகிறார்கள்.

நேர்கோடு இங்கேயும் இருக்கிறது. ஆனால் நேர்கோட்டைப் போலவே நடந்துகொள்ளும் பகுதியின் மேல் மட்டும் அது வைக்கப்பட்டிருக்கிறது. 1964 இன் மூன்று மாதங்களும் ஏறுமுகத்தில் இருந்தவை. ஜனவரியையும் மே மாதத்தையும் நேராக இணைத்திருந்தாலும் பெரிய சேதம் இருந்திருக்காது. ஓட்டை மார்ச்சில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீண்டிருந்தால், நேர்கோடு மே உச்சத்தை அப்படியே வெட்டி எறிந்திருக்கும். பிரித்து நிரப்பும் முறையில் அந்த உச்சம் தப்பும்.

உங்கள் சென்சாருக்கும் இப்படி ஓர் ஒழுங்கு இருக்கலாம். மணிவாரியான சராசரி நாள் ஒன்றைத் தயாரித்து, தரவிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தை நேர்கோட்டால் நிரப்பி, பிறகு கூட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு சென்சார் இருந்தால் அது இன்னும் நல்லது: இரண்டும் ஓடிய நாட்களில் இவற்றுக்குள் உள்ள உறவைக் கண்டு, ஒன்றைக் கொண்டு மற்றதை மதிப்பிடலாம். 2022 நவம்பர் இறுதியில் மௌனா லோவா எரிமலை வெடித்துச் சாலையும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டபோது, அண்டை மலையான மௌனா கேயாவில் கருவி வைத்து அளந்து வரிசையைத் தொடர்ந்தார்கள். அளக்க முடியுமென்றால் அளந்துவிடுவது எந்தச் சூத்திரத்தையும்விட மேல்.

ஏன் விடுபட்டது?

கண்ணாடிக் குடுவை கைதவறி உடைவது போன்ற தற்செயலான இழப்பு ஒரு வகை. அளக்கப்படும் பொருளே இழப்புக்குக் காரணமாவது இன்னொரு வகை, ஆபத்து இதில்தான். வெள்ளம் உயர்ந்து நீர்மட்டக் கருவியை அடித்துக்கொண்டு போகிறது: விடுபட்டவை எல்லாம் மிக உயர்ந்த மதிப்புகள். கடும் வெயிலில் மின்னணுப் பெட்டி சூடேறி நிற்கிறது: விடுபட்டவை எல்லாம் வெப்பமான மணிகள். காடுகளின் மேல் கோபுரம் நிறுத்தி மரங்களுக்கும் காற்றுக்கும் நடுவிலான கரியமில வாயுப் பரிமாற்றத்தை அளப்பவர்கள், காற்று அடங்கிய இரவுகளின் பதிவுகளை நம்ப முடியாது என்று தாங்களே விலக்குகிறார்கள். இரவில் காடு வாயுவை வெளியேற்றும், பகலில் உறிஞ்சும். இரவுகளையே அதிகம் இழந்த தரவை யோசிக்காமல் நிரப்பினால், காடு உண்மையில் உறிஞ்சுவதைவிட அதிகம் உறிஞ்சுவதாகக் கணக்கு வரும். ஓட்டைகள் எந்த நேரத்தில், எந்த வானிலையில் விழுகின்றன என்று ஒரு வரைபடம் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நிரப்பிய எண் அளந்த எண் அல்ல

அளந்த ஒவ்வொரு மதிப்பிலும் சிறிது இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம், உண்டு. இரு கரை மதிப்புகளின் சரிபாதிச் சராசரியாக வரும் நடுப்புள்ளியில் அந்த இரைச்சலின் திட்டவிலக்கம் (சிதறலின் அளவு) 0.71 மடங்காகக் குறைந்துவிடும். ஆகவே நிரப்பிய பகுதி அளந்த பகுதியைவிட அமைதியாகத் தோன்றும். அதை அளவீடு என்று எண்ணி ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டால் குறைத்துக் காட்டும். 1,000 பதிவில் 300 நிரப்பியவை என்றால், உங்களிடம் 1,000 சான்றுகள் இல்லை, 700 தான். எனவே மூலத் தரவின் மேல் எழுதாமல், நிரப்பியதை அட்டவணையில் தனி நெடுவரிசையில் வையுங்கள். பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையில் ஒவ்வொரு மதிப்பும் அளந்ததா நிரப்பியதா, எந்த முறையில் என்று குறியிடுங்கள்.

எதிர்காலத்தைக் கணிக்கும் மாதிரிகளைப் பயிற்றுவிப்பவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: இடைச்செருகல் வலது கரையையும், அதாவது பின்னால் வந்த அளவீட்டையும் பார்த்துவிடுகிறது. நேரடி ஓட்டத்தில் அந்தக் கரை இன்னும் வந்திருக்காது. சோதனையில் பிரமாதமாகக் கணித்த மாதிரி களத்தில் தடுமாற இது ஒரு பொதுவான காரணம்.

எந்த முறை சிறந்தது என்ற விவாதத்தைத் தரவே தீர்த்துவைக்கும். ஓட்டையில்லாத பகுதியில் தெரிந்த மதிப்புகளை வேண்டுமென்றே மறைத்து, நிரப்பி, உண்மையோடு ஒப்பிடுங்கள். மறைக்கும்போது ஒற்றை ஒற்றைப் புள்ளியாக மறைக்காதீர்கள். உங்கள் உண்மையான ஓட்டைகள் ஐந்து மணி நேரம் நீள்பவை என்றால், ஐந்து மணி நேரத் துண்டுகளாகவே மறைக்க வேண்டும். ஒற்றைப் புள்ளியை நிரப்புவதில் எல்லா முறையும் கெட்டிக்காரத்தனமாகவே தெரியும்.

மென்பொருளிலும் சில கண்ணிகள் உண்டு. பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் உள்ள இடைச்செருகல் கட்டளை, வேறு எதுவும் சொல்லாவிட்டால், வரிசைகள் சம இடைவெளியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு நேர முத்திரையைப் பார்க்காது. நேரத்தைக் கணக்கில் எடுக்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். அதிகபட்சம் 3 என்று வரம்பு வைத்தால், பத்துப் பதிவு நீளமான ஓட்டையை அது ஒதுக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒதுக்காது, முதல் மூன்றை நிரப்பிவிட்டு மீதியை விடும். தரவின் வால்பகுதியில் மறுகரையே இல்லாத இடத்தில் கடைசி மதிப்பை நகலெடுத்துக்கொண்டே போகும். ஓட்டையின் நீளத்தை நீங்களே எண்ணி, நீளமானவற்றை மீண்டும் வெறுமையாக்குவதுதான் பாதுகாப்பு.

நிரப்பாமலே முடியுமா?

பல வேலைகளுக்கு முடியும். மாதச் சராசரி வேண்டுமென்றால் இருப்பதைக் கொண்டே கணக்கிடலாம். ஓட்டைகள் இரவில் குவிந்திருந்தால் மட்டும், முதலில் ஒவ்வொரு மணிக்கும் தனிச் சராசரி எடுத்து, பிறகு அந்த 24 சராசரிகளின் சராசரியை எடுங்கள், பகலின் பக்கம் சாயாது. தரவில் ஒளிந்திருக்கும் சுழற்சிகளைத் தேடும் வழக்கமான ஃபூரியே முறைக்குச் சம இடைவெளி தேவை என்பதால் பலர் நிரப்பத் தொடங்குகிறார்கள். 1976 இல் லோம்ப், 1982 இல் ஸ்கார்கிள் உருவாக்கிய முறை ஒழுங்கற்ற இடைவெளித் தரவிலேயே நேரடியாக வேலை செய்யும். மேகம் மறைத்த இரவுகளில் பதிவே இல்லாத வானியலாளர்களுக்கு அது அன்றாடக் கருவி. 1960 இல் ருடால்ஃப் கால்மன் தந்த, வடிகட்டி எனப்படும் கணக்கு முறையும் அப்படியே: அளவீடு வராத நேரத்தில் அது தன் கணிப்பை முன்னகர்த்திக்கொண்டு, கூடவே நிச்சயமின்மையின் அளவையும் பெரிதாக்கிக்கொண்டே போகும், அடுத்த அளவீடு வந்ததும் இரண்டையும் திருத்திக்கொள்ளும்.